சாமி இல்லாதவருக்கு லீவு எதற்கு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் 36 வருடம் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதி 2020இல் ஓய்வு பெற்ற அம்மா, வேலை, சம்பளம், லீவு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: எனக்கு 29 வயது. தேயிலைத் தூள் ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. காலேஜ் நாளிலேயே கடவுள் நம்பிக்கை போய்விட்டது, அதை நான் மறைப்பதில்லை. மூன்று வருடமாகத் தீபாவளி, ஆயுதபூஜை, கிறிஸ்துமஸ் எதுவாக இருந்தாலும் டியூட்டி லிஸ்டில் முதல் பெயர் என்னுடையதுதான். “உனக்குத்தான் சாமியே இல்லையேப்பா, உனக்கு எதுக்கு லீவு?” என்கிறார் மேனேஜர். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அந்த நாளில் நான் கும்பிட ஒன்றும் இல்லை என்பது நிஜம்தானே. லீவு கேட்டால் இரட்டை வேடம் ஆகிவிடாதா?
– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: தம்பி, உங்கள் மேனேஜர் கேட்டதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டு, நானே தப்பான பதிலையும் சொல்லிக்கொண்டு ஆறு தீபாவளியைக் கழித்தேன்.

எங்கள் அப்பா இலங்கையில் தோட்டத் தொழிலாளி. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களை இந்தியக் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது 12 வயது. அப்பா அங்கேயே பெரியார் பேச்சைப் படித்துச் சாமியை விட்டவர். அம்மா விடவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்; அந்த ஒரே லயன் வீட்டில் ஒரு மூலையில் மாரியம்மன் படம், இன்னொரு மூலையில் அப்பாவின் பத்திரிகைக் கட்டு. நான் அப்பா பக்கம் சாய்ந்தேன்.

1984இல் ஆபீஸில் சேர்ந்தேன். தீபாவளிக்கு யார் வருவது என்ற பேச்சு வந்ததும் நானே கையைத் தூக்கினேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: முந்தின நாள் பறித்த கொழுந்து ராத்திரி முழுக்க வாடிக்கிடக்கும். காலையில் அதை அரைத்து, புளிக்கவைத்து, டிரையரில் போட்டு எடுத்தாக வேண்டும். ஐப்பசியில் கொழுந்து கொட்டுகிற சமயம், அதற்குப் பண்டிகை தெரியாது. ஏழெட்டு ஆள் வருவார்கள், அவர்களுக்குப் பேர் போட ஒரு கிளார்க் வேண்டும். லயத்தில் எல்லோரும் புதுத்துணியில் நிற்க, நான் பழைய ஸ்வெட்டரோடு நடந்து போவேன். அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ‘பார்த்தீங்களா, நான் உங்களை மாதிரி இல்லை’ என்கிற திமிர். அந்தத் திமிருக்காகத்தான் போனேன் என்று இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆறாவது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்: “வந்த ஆளுக்கெல்லாம் தீபாவளிக்கு ரெட்டைச் சம்பளம் எழுதினேன், எனக்கு மட்டும் ஒத்தைதான் எழுதிக்கிட்டேன். எனக்கு அது பண்டிகை இல்லையே.” அப்பா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். “லீவைச் சாமியா குடுத்துச்சு? சட்டம் போட்டு வாங்குனது. ஒரு ஆள் வேணாம்னா, நாளைக்கு எல்லார்கிட்டயும் உனக்கும் வேணாமான்னு கேப்பான். உன் கொள்கைக்கு அடுத்தவன் கூலியைக் குறைக்காதே, பிள்ளே.” அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எழுதாமல் விட்ட ஆறு வருடத்துக் காசு போனது போனதுதான். ஆபீஸ் கணக்கை மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை, தப்பு என் கையெழுத்தில் இருந்ததால் நானும் சண்டை போடவில்லை.

அப்பா சொன்ன சட்டம் 1958இல் வந்தது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் என்று பெயர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள். அதோடு பண்டிகைக்காக ஐந்து நாள். மொத்தம் ஒன்பது, சம்பளத்தோடு. அந்த நாளில் வேலை வாங்கினால் ஒன்று இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவும். இதில் ‘ஒவ்வொரு தொழிலாளிக்கும்’ என்று இருக்கிறதே தவிர, ‘கும்பிடுகிற தொழிலாளிக்கு’ என்று இல்லை. நான் 36 வருடம் எழுதிய செக்ரோலில் பேர், நம்பர், தேதி, ஆள் வந்தாரா இல்லையா, எத்தனை கிலோ என்று கட்டம் கட்டமாக இருக்கும். நம்பிக்கைக்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. உங்கள் மேனேஜர் அவராக ஒரு கட்டம் போடப் பார்க்கிறார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாமெல்லாம் ‘தீபாவளி போனஸ்’ என்கிறோம். சட்டத்தில் தீபாவளி என்ற வார்த்தையே கிடையாது. 1965இல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தது 4 சதவீதம் (பிற்பாடு அது 8.33 ஆனது), அதிகபட்சம் 20, கணக்கு வருடம் முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். மார்ச்சில் கணக்கை முடித்தால் நவம்பர் கடைசி வரை வரும், தீபாவளி அதற்குள் விழுந்துவிடும். அவ்வளவுதான். சாமி இல்லை என்பதால் உங்கள் போனஸைப் பிடித்துக்கொண்டால் சும்மா இருப்பீர்களா? லீவும் அந்தப் பையிலிருந்து வருவதுதான்.

எந்த ஐந்து பண்டிகை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசி, ஆய்வாளர் முடிவு செய்வதாக ஏற்பாடு. ஒவ்வொரு டிசம்பரும் அந்த லிஸ்டை டைப் அடித்தவள் நான், அதனால் சண்டையெல்லாம் என் மேஜை முன்னால்தான் நடக்கும். பொங்கலிலும் தீபாவளியிலும் வம்பில்லை. ஆயுதபூஜையும் கிறிஸ்துமஸும் வந்துவிடும். ஐந்தாவதுக்குச் சித்திரை ஒன்றா, மாட்டுப் பொங்கலா என்று இழுபறி. எங்கள் தோட்டத்தில் முஸ்லிம் ஒரே ஒருவர், ஃபிட்டர். ஐந்தில் ரம்ஜானுக்கு இடம் வந்ததே இல்லை. கடைசியில் அவர் ஆயுதபூஜைக்கு வேலை செய்வதென்றும், அதற்கு மாற்றாக ரம்ஜானுக்கு எடுத்துக்கொள்வதென்றும் பேசி வைத்தோம். பிறை தெரிந்ததா என்று ராத்திரி போன் வந்த பிறகுதான் எந்தத் தேதி என்றே நான் எழுத முடியும். ஆயுதபூஜையன்று பையன்கள் மெஷினுக்குச் சந்தனம் பூசும்போது அந்த மனிதர் பக்கத்திலேயே நின்று, எந்த நட்டில் சந்தனம் இறங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். பொரி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

அந்த ஏற்பாட்டில் அவர் சம்மதம் இருந்தது, மாற்று நாள் பேர் சொல்லி எழுதியிருந்தது. உங்கள் விஷயத்தில் இரண்டும் இல்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து, அந்த நாள்களுக்கு இரட்டைச் சம்பளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை, மாற்று நாளும் தரவில்லை என்றால் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதில் சாமி இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வரிகூட வேண்டாம். ‘பண்டிகை டியூட்டியை முறை வைத்துப் போடவும்’ என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் குன்னூரிலேயே தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. அது வரைக்கும் போகாது என்றுதான் நினைக்கிறேன், பேப்பரைப் பார்த்தாலே பாதி மேனேஜர்களுக்குப் புத்தி வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்களோடு டிரையரில் நிற்கிறவருக்கு நாலு வயதில் குழந்தை இருந்து, அது விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருக்கும் என்றால், “அண்ணே, இந்தத் தடவை நான் பாத்துக்கிறேன்” என்று நீங்களாகச் சொல்லலாம். நான் பிற்பாடு பல வருடம் அப்படிப் போயிருக்கிறேன், இரட்டைச் சம்பளமும் எழுதிக்கொண்டேன்.

லீவு கிடைத்தால் என்ன செய்வது என்றா? காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நம்பிக்கை உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். எங்களுக்கு வருடத்தில் மூன்று நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு உண்டு. ஆர்.எல்., மத விடுப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லை. இந்த வருடம் சாம்பல் புதனுக்கு எடுத்தேன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர், “நெத்தியில சாம்பலைக் காணோமே டீச்சர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இனி எடுக்கலாமா, வேண்டாமா?
– ஆசிரியை, ஊட்டி வட்டம்

பதில்: எடுங்கள் டீச்சரம்மா. அந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சாம்பல் புதன், வரலட்சுமி விரதம், ஷபே பராத், ஓணம், குருநானக் ஜெயந்தி, புத்த பூர்ணிமா எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அத்தனை சாமியையும் கும்பிடுகிற ஒரு ஆள் இந்த மாவட்டத்தில் இருந்தால் நான் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறேன். உங்களைக் கிண்டல் செய்தவர் ஓணத்துக்கு எடுத்தபோது அத்தப்பூக் கோலம் போட்டாரா என்று கேட்டிருக்கலாம், ஆனால் கேட்காமல் விட்டதே நல்லது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம். விண்ணப்பத்தில் தேதியையும் பட்டியலில் உள்ள பெயரையும் எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள். ‘விரதம் இருப்பதால்’, ‘ஆலயம் செல்வதால்’ என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்தீர்களானால் அதுதான் பொய். யாரும் கேட்காத பொய்யை நாமாகப் போய்ச் சொல்வானேன். அம்மாவின் வைத்தியத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் இருக்கிறதே, அது தீர்ந்துபோனதா என்று நான் கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சர்ச்சுக்குப் போகிற நாளாக இருந்து வந்ததுதான். ஆனால் நம் நாட்டு மில் தொழிலாளிக்கு அது கிடைத்தது, பம்பாயில் நாராயண் மேகாஜி லோக்கண்டே வருடக்கணக்காகக் கேட்டுப் போராடிய பிறகு, 1890இல். திங்கட்கிழமை காலையில் ஸ்டாஃப் ரூமில் யாரும் உங்களிடம் “நேத்துப் பூசைக்குப் போனீங்களா” என்று கேட்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் மனச்சான்றுச் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மதத்துக்கு வருகிறார்கள்.

உங்கள் வகுப்பை அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டார்கள்? அவருக்கு ஒரு நாள் நீங்கள் பார்த்துக் கொடுத்தால் ஸ்டாஃப் ரூம் சிரிப்பு தானாக அடங்கும்.

கேள்வி: குன்னூரில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. நாலு பேர் வேலை செய்கிறார்கள். வர்க்கி போடுகிற பையன் மதமே இல்லை என்கிறான். கிறிஸ்துமஸ் அன்று மற்ற மூவருக்கும் லீவு கொடுத்து அவனைக் கடையில் உட்கார வைக்கலாம் என்று பார்த்தேன். அவனோ, “அதுக்குப் பதிலா பெரியார் பொறந்த நாளுக்கு லீவு குடுங்க” என்கிறான். கேக் வெட்டும்போது ஜெபத்துக்கும் வருவதில்லை. என்ன செய்ய?
– கடைக்காரர்

பதில்: பையன் விவரமானவன், விட்டுவிடாதீர்கள். நல்ல வர்க்கி போடுகிற கை கிடைப்பது இந்தக் காலத்தில் கஷ்டம்.

முதலில் மேலே குன்னூர்த் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள், உங்கள் கடைக்கும் அந்தச் சட்டம்தான். கிறிஸ்துமஸ் உங்கள் ஐந்தில் இருந்தால் அவனுக்கும் அது லீவு. அவன் மனதார வந்தால் மட்டுமே உட்கார வையுங்கள், இரட்டைச் சம்பளமோ மாற்று நாளோ கொடுங்கள். பெரியார் பிறந்த நாள் செப்டம்பர் 17. அது 2021இலிருந்து சமூகநீதி நாள், ஆபீஸ்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள், லீவு கிடையாது. அவன் கேட்பது மாற்று நாளாகத்தான் இருக்க முடியும். ஆனால் டிசம்பரில் வேலை செய்தவனைச் செப்டம்பர் வரை காக்கவைப்பது நியாயமில்லை, கணக்கும் குழம்பும். நீங்கள் விநாயகர் சதுர்த்தியை ஐந்தில் வைத்திருந்தால் அது ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். அன்றைக்கு அவன் வர்க்கி போடட்டும், 17ஆம் தேதி வீட்டில் இருக்கட்டும். பிள்ளையார் பேரில் பெரியாருக்கு லீவு! எங்கள் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஜெபத்துக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். வராவிட்டால் வெளியே நின்று டீ குடிக்கட்டும். கேக் துண்டு மட்டும் சின்னதாகிவிடக் கூடாது.

கேள்வி: நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நம்பிக்கை இல்லை. போன வருடம் ஆபீஸில், ‘மதப் பண்டிகைக்கு லீவு எடுக்கிறதே பழமைவாதம்’ என்று பெரிதாகப் பேசிவிட்டேன். இப்போது அம்மா, எங்கள் படுகர் ஜனங்களின் ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஹெத்தை கோயில் இருக்கிற பேரகணிக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறார். என்ன சொல்லி லீவு கேட்பது? போகத்தான் வேண்டுமா?
– 26 வயது வாசகர்

பதில்: பேசும்போது நாக்கைக் கொஞ்சம் பிடித்திருக்கலாம். பரவாயில்லை, 26 வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை மேலே பார்த்திருப்பீர்கள்.

லீவு விஷயம் சுலபம். ஹெத்தை பண்டிகைக்கு நம் மாவட்டத்தில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 1881ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின்படி இது பொது விடுமுறை அல்ல என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கும், பாங்க் திறந்திருக்கும். மாவட்ட எல்லைக்குள்ளேயே இவ்வளவு நிபந்தனை, பெங்களூர்க் கம்பெனிக்கு இது கட்டுப்படாது. உங்கள் சொந்த லீவில் ஒரு நாளை எடுங்கள். காரணம் கேட்டால் ‘அம்மா கூப்பிட்டார்’ என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே. போன வருடம் பேசியதை யாராவது ஞாபகப்படுத்தினால் நீங்களும் சிரித்துவிடுங்கள்.

போக வேண்டுமா என்று கேட்டீர்கள். நான் படுகர் இல்லை, சொல்கிற உரிமை எனக்குக் கொஞ்சம்தான். உறைபனி விழுந்த காலையில் வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக ஜனங்கள் ரோட்டில் நடந்து போவதை எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து வருடா வருடம் பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் பாஷையில் ஹெத்தை என்றால் பாட்டிதானே? வேலைக்கும் கல்யாணத்துக்கும் என்று ஊர் ஊராகப் போன சொந்தக்காரர்களெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற நாள் வேறு எது?

எங்கள் அப்பா ஒரு நாளும் பூசாரி முன்னால் கை கட்டி நின்றதில்லை. ஆனால் அம்மாவின் மாரியம்மன் திருவிழாவில் சோற்று அண்டா தூக்க முதல் ஆளாக நிற்பது அவர்தான். திருநீறு நீட்டினால், “எனக்கு வேணாங்க, அடுத்தாளுக்குக் குடுங்க” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். யாரும் அவரிடம் கோபித்ததாக ஞாபகம் இல்லை. நீங்கள் எது வரைக்கும் வருவீர்கள், எங்கே ஒதுங்கி நிற்பீர்கள் என்பதை அம்மாவிடம் முந்தின நாளே வீட்டில் வைத்துப் பேசிவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் ஆரம்பிக்காதீர்கள். வேட்டி, வேட்டிதான். ஒரு நாள் கட்டினால் ஒன்றும் ஆகாது. உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள், பேரகணிக் குளிர் பெங்களூர்க் குளிர் இல்லை.

கேள்வி: அம்மா, ஆயுதபூஜைப் பொரி சாப்பிடுவீர்களா? ஓய்வு பெற்ற பிறகு தீபாவளி அன்று என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கென்று ஒரு பண்டிகையும் இல்லையா?
– வாசகி, கூடலூர்

பதில்: பொரி சாப்பிடுவேன், கடலையும் வெல்லமும் சரியாகக் கலந்திருந்தால் இரண்டாவது கையும் நீட்டுவேன். என் பண்டிகை மே 1. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நம் நாட்டில் முதல் மே தினக் கூட்டம் நடத்தினார். அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார் அப்பா. அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் சேமியா பாயசம்.

தீபாவளிக்கு இப்போது எனக்கு டியூட்டி வேறு. எங்கள் தெருவில் மூன்று வீட்டு நாய்களுக்கு வெடிச் சத்தம் ஆகாது. விடிகிறதுக்கு முன்னாலேயே அவற்றைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிடுவார்கள். கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, மூன்றையும் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பத்து மணிக்குச் சத்தம் ஓய்ந்ததும் நாயைக் கூட்டிப் போக வருகிறவர்கள் ஆளுக்கொரு தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவருகிறார்கள். போன வருடம் மூன்று வீட்டுக் குழம்பும் சேர்ந்து ராத்திரி வரைக்கும் வந்தது.